மாடியில் காயும் சேலையும் தாம்பரத்தில் கொட்டிய மழையும்... வானிலையை இயக்கும் வெப்பத்தின் வரவு செலவு!

காலையில் மொட்டை மாடியில் ஈரம் சொட்டச் சொட்டக் காயப்போட்ட பருத்திச் சேலை, மதியச் சாப்பாட்டுக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது. அதிலிருந்த தண்ணீர் எங்கே போனது? 'ஆவியாகிடுச்சு' என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால், அந்த ஆவி தன்னோடு எதை எடுத்துச் சென்றது என்பதில்தான் வானிலையின் சூட்சுமமே இருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமமான ஆற்றல் தேவை. மாடியில் அதைச் சூரியன் இலவசமாகக் கொடுக்கிறது. அந்த ஆற்றல் அழிவதில்லை. நீராவிக்குள் 'உள்ளுறை வெப்பமாக' ஒளிந்துகொண்டு மேலே போகிறது. வானத்தில் குளிர்ந்து மறுபடி நீர்த்துளியாகும்போது, வாங்கிய கடனைப் பைசா பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

ஒரு சதுர மீட்டருக்கு 330 யூனிட்!

2015 டிசம்பர் 1-ம் தேதியைச் சென்னை மக்கள் மறந்திருக்க முடியாது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது.

49 செ.மீ. மழை என்றால், ஒரு சதுர மீட்டர் இடத்தில் 490 லிட்டர் தண்ணீர். அவ்வளவு நீராவியும் மழையாக மாறியபோது மேகத்துக்குள் வெளிப்பட்ட வெப்பம் சுமார் 330 யூனிட். தமிழகத்தில் 2016-ல் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதங்களுக்கு இலவசமாக அறிவிக்கப்பட்ட மின்சாரமே 100 யூனிட்தான். வாசலில் கோலம் போடும் அளவு இடத்துக்கு மேலே, ஒரே நாளில் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்!

இந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக்காற்று ஓடிவரும். அதுவும் மேலே போய் மழையாகி வெப்பத்தைக் கொட்டும். புயலின் இன்ஜினும் இதுதான். கடலின் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் அதற்குத் தாராளமாக எரிபொருள் கிடைக்கும். கரையைக் கடந்ததும் புயல் வலுவிழப்பதற்கு முக்கியக் காரணம், அந்த நீராவி வரத்து நின்றுபோவதே.

வரவு 100... செலவு?

பூமியையும் ஒரு குடும்பமாக நினைத்துக்கொள்ளலாம். சூரியன் 100 ரூபாய் கொடுக்கிறது என்றால், சுமார் 30 ரூபாயை மேகங்களும் பனியும் மணலும் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி 70 ரூபாயை நிலமும் கடலும் காற்றும் வாங்கிக்கொண்டு, பிறகு வெப்பக் கதிர்களாக விண்வெளிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வரவும் செலவும் சமமாக இருந்தால் பூமியின் சூடு நிலையாக இருக்கும்.

தொழிற்புரட்சிக்கு முன்பு, காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. வெளியே போக வேண்டிய வெப்பத்தை அது பிடித்துவைக்கிறது. தங்கிவிடுவது 100 ரூபாயில் ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால் நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதில் 90 சதவிகிதத்துக்கும் மேல் போய்ச் சேர்வது கடலில்!

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவிகிதம் கூடும். அதனால், பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழைக்கு வாய்ப்பு அதிகமாகிறது.

வெயிலை அளந்த அன்னா மணி

இந்தக் கணக்குக்கு முதலில் வெயிலை அளக்க வேண்டுமே? இந்தியாவில் அதற்கு அடித்தளம் போட்டவர் அன்னா மணி. 1918-ல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். 1948-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடு முழுக்க அமைத்தார். 1980-ல் வெளியான அவருடைய சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேடு, சூரிய மின்சாரத் துறையினருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

சேலை காயாத நாளில்...

மழைக்கு முந்தைய புழுக்கமான நாளில் மாடியில் சேலை சீக்கிரம் காயாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதே காரணம். அன்று உடம்பின் வியர்வையும் காயாது. வியர்வை ஆவியாகும்போதுதான் அது உடல் சூட்டை எடுத்துச் செல்லும். அந்த வழி அடைபட்டால் கட்டடத் தொழிலாளர்கள், முதியவர்கள், கைக்குழந்தைகள் எல்லோருக்கும் ஆபத்து. பகலில் கான்கிரீட் தளம் வாங்கிவைத்த வெப்பம் இரவில் வீட்டுக்குள் இறங்குவது இன்னொரு சுமை.

கோடைக்கு முன் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வந்த வெயிலில் ஒரு பங்கை அப்படியே வானத்துக்குத் திருப்பி அனுப்பும் எளிய வழி அது. காற்றில் கரியமில வாயு கூடுவதைச் சுண்ணாம்பு நிறுத்தாது; அதற்கு நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிப்பது குறைய வேண்டும். ஆனால், மாடிக்குக் கீழே படுத்திருக்கும் பாட்டிக்கு இன்றிரவு கொஞ்சம் தூக்கம் வர, சுண்ணாம்பு உதவும்.