உங்களுக்குத் தெரியுமா? ஸ்டார்ட்டர் சுற்றியும் கார் கிளம்பாவிட்டால்...

ஸ்டார்ட்டர் விறுவிறுவென்று சுற்றினால் பேட்டரியைத் திட்டாதீர்கள். பாவம், அது தன் வேலையைச் செய்கிறது. பெட்ரோல் காரில் சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பிக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில், பின்சீட்டுப் பக்கமிருந்து ஓரிரு விநாடி ரீங்காரம் கேட்கும். அதுதான் பெட்ரோல் பம்ப். சத்தமே இல்லையா? அதன் ஃபியூஸையும் ரிலேயையும் முதலில் பாருங்கள். டாஷ்போர்டில் சாவிப் படம் விடாமல் மின்னினால் மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்கலாம்.

பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கிறதா? எங்கும் கசிவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜெக்‌ஷன் கார்கள் பலவற்றில், அப்படி மிதித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். சிலிண்டரில் தேங்கியது காற்றோடு வெளியேறும். பல ஓட்டுநர்களுக்கே தெரியாத வசதி இது! ஆனால் ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் சுற்றவிடாதீர்கள், ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும்.