கோழிகளோடு ஒரு வாத்து: சேர்த்து வளர்க்கலாமா? என்னென்ன கவனிக்கணும்?

சந்தைக்கு நான்கு கோழிக்குஞ்சு வாங்கத்தான் போவார்கள். பக்கத்துக் கூடையில் மஞ்சள் நிறத்தில் வாத்துக்குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும். “அதுல ஒண்ணு வாங்கிக் குடுங்கப்பா” என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் கதை முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டைப்பெட்டி, ஒரே குஞ்சுத் தீவனம், ஒரே தண்ணீர்க் குப்பி. “கோழியோட கோழியா வளர்ந்துட்டுப் போகுது” என்று விட்டுவிடுவார்கள்.

முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியாது. சில வாரங்களில் வாத்துக்குஞ்சு நொண்ட ஆரம்பிக்கலாம். நன்றாக வளர்ந்துவிட்டாலோ, ஆறு மாதம் கழித்துப் பெட்டைக் கோழிகளின் பிடரியில் இறகு உதிர்ந்து, சில நேரம் ரத்தக் காயமும் தெரியலாம். இரண்டுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றுதான்: வாத்தைக் கோழியைப் போலவே நடத்துவது.

வாத்தும் கோழியும் ஒரே முற்றத்தில் நிம்மதியாக வாழ முடியும். ஆனால் தண்ணீர், தீவனம், படுக்கும் இடம், துணை ஆகிய நான்கிலும் வாத்தின் தேவை வேறு. அதைப் புரிந்துகொண்டால் பெரிய செலவில்லாமல் சமாளிக்கலாம்.

கோழி வளர்த்த வாத்து

இந்த ஜோடி நம் ஊருக்குப் புதிதல்ல. காக்கி கேம்பல் போன்ற முட்டை வாத்துகள் பெரும்பாலும் அடை காக்காது. அதனால் கிராமங்களில் வாத்து முட்டையை நாட்டுக்கோழியிடம் அடை வைப்பது பழைய வழக்கம். கோழி முட்டை பொரிய 21 நாட்கள் போதும். வாத்து முட்டைக்கு 28 நாட்கள் ஆகும். கோழி ஒரு வாரம் கூடுதலாகப் பொறுமையாக உட்கார்ந்து பொரித்துவிடும். பிறகு ஒருநாள் குஞ்சுகளெல்லாம் குட்டையில் இறங்கிவிட, கரையில் நின்று தாய்க்கோழி பதறும்.

பிறந்ததும் யாரைப் பார்க்கிறதோ அவரையே வாத்துக்குஞ்சு தாயாக ஏற்றுப் பின்தொடரும். ‘இம்பிரின்டிங்’ எனப்படும் இந்தப் பழக்கத்தை, காட்டு வாத்தின் உறவான கிரேலேக் இனத்தின் குஞ்சுகளிடம் விரிவாக ஆராய்ந்தவர் ஆஸ்திரிய விஞ்ஞானி கான்ராட் லாரன்ஸ். விலங்குகளின் நடத்தை குறித்த ஆய்வுகளுக்காக 1973-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கோழிகளோடு வளரும் வாத்து தன்னையும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக நினைப்பதற்கு இதுதான் காரணம். மனசு அப்படி நினைத்தாலும், உடம்பு வாத்தாகத்தான் இருக்கும்.

தண்ணீர்: நீச்சல் குளம் வேண்டாம், தலை நனையணும்

“வீட்டுல குளம் இல்லையே, வாத்து வளர்க்க முடியுமா?” என்பதுதான் பலரின் முதல் கேள்வி. முடியும். நீந்த இடம் இருந்தால் வாத்துக்குக் கொண்டாட்டம்தான்; ஆனால் அது கட்டாயம் இல்லை. கட்டாயமானது, தலையை முழுசாக முக்கும் அளவுக்கு ஆழமான தண்ணீர். வளர்ந்த வாத்துக்கு சுமார் 12 முதல் 15 செ.மீ. ஆழம் வேண்டும்.

வாத்து கண்ணையும் மூக்குத் துளையையும் தண்ணீரில் முக்கித்தான் சுத்தம் செய்துகொள்ளும். கோழிக்கு வைக்கும் ஆழமில்லாத தண்ணீர்க் குப்பியில் அலகு மட்டும்தான் நனையும். நாளடைவில் கண்ணைச் சுற்றிப் பொருக்குத் தட்டி, முற்றினால் பார்வையே போகலாம். தீனியை விழுங்கவும் வாத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வேண்டும். உலர்ந்த தீவனத்தை மட்டும் வைத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இங்கேதான் கோழியோடு சிக்கல் வருகிறது. தண்ணீர் கிடைத்த அரை மணி நேரத்தில் வாத்து அதைச் சேறாக்கிவிடும். அந்த ஈரம் கூண்டுக்குள் போனால் தரையில் போட்ட உமியும் மரத்தூளும் ஊறும். அம்மோனியா நெடி கிளம்பும். கோழிகளுக்கு ரத்தக்கழிச்சல் பரவ வழி பிறக்கும்.

தீர்வு எளிது. துணி ஊறவைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றைக் கூண்டிலிருந்து தள்ளி, ஜல்லி பரப்பிய இடத்தில் வாத்துக்கு வையுங்கள். கோழிகளின் குப்பியைச் செங்கல் அடுக்கி உயரத்தில் வையுங்கள். டப்புக்குள் இரண்டு செங்கல் போட்டுவைத்தால், தவறி விழும் கோழிக்குஞ்சு ஏறித் தப்பிக்கும். தண்ணீரைத் தினமும் மாற்றணும். ஊற்றும் பழைய தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம்.

தாய் வாத்து இல்லாமல் வளரும் குஞ்சுகள் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. அவற்றின் மென்ரோமம் சீக்கிரம் நனைந்து உடல் குளிர்ந்துவிடும். முதல் சில வாரங்கள் குடிக்க மட்டும் தண்ணீர் போதும். விளையாட விட்டால் பக்கத்திலேயே இருந்து, சில நிமிடங்களில் எடுத்துத் துவட்டிவிடுங்கள்.

தீவனம்: நொண்டுவது ஏன்?

வாத்துக்குஞ்சு நொண்டினால் ‘எங்கேயோ அடிபட்டிருக்கும்’ என்றுதான் முதலில் தோன்றும். பல நேரங்களில் காரணம் தீனித் தட்டில் இருக்கும். பெயர் நியாசின், அதாவது வைட்டமின் பி3.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1994-ல் வெளியிட்ட கோழியினத் தீவன அளவுகோலின்படி, வாத்துக்குஞ்சின் ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் நியாசின் வேண்டும். கறிக்கோழிக் குஞ்சுக்கு 35 மில்லிகிராம் போதும். கோழியின் கணக்குக்குத் தயாரித்த தீவனத்தை மட்டும் தின்று வளரும் வாத்துக்கு இது பற்றாமல் போகலாம். கணுக்கால் மூட்டு வீங்கும், கால் வளையும், நடக்காமல் உட்கார்ந்தே இருக்கும். ஆரம்பத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். எலும்பு வளைந்த பிறகு திரும்புவது கஷ்டம்.

“சோறு போட்டா போதாதா?” போதாது. தீட்டிய அரிசியில் நியாசின் குறைவு. மக்காச்சோளத்தில் இருப்பதும் எளிதில் செரிக்காத வடிவில்தான் இருக்கிறது. சோறு, தவிடு, குருணை எல்லாம் கூடுதல் தீனியாக இருக்கலாம். அடிப்படை, சரிவிகிதத் தீவனமாக இருக்கட்டும். அதோடு ப்ரூயர்ஸ் ஈஸ்ட் தூள் அல்லது பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்து சேர்க்கலாம். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் கழிவு, நத்தை, மண்புழு, அசோலா ஆகியவையும் வாத்துக்குப் பிடித்த, சத்தான தீனி.

கோழித் தீவனம் வாங்கும்போது இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்கணும்.

* மருந்து: சில குஞ்சுத் தீவனங்களில் ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து கலந்திருக்கும். அதன் அளவு கோழியை வைத்துக் கணக்கிட்டது. வாத்துக்குஞ்சு அதைவிட அதிகம் தின்னும்; சில மருந்துகள் அதற்கு ஆகவும் ஆகாது. மருந்து கலக்காத தீவனமா என்று கேட்டு வாங்குங்கள்.

* சுண்ணாம்புச் சத்து: முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 3 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். முட்டையிடாத இளம் வாத்துக்கு அது சிறுநீரகத்துக்குச் சுமை. எல்லாவற்றுக்கும் பொதுவாக வளர்பருவத் தீவனத்தை வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். தேவைப்படும் பெட்டைகள் தாமே கொத்திக்கொள்ளும்.

பூசணம் பிடித்த பிண்ணாக்கா? வேண்டவே வேண்டாம்

1960-ல் இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. வாத்துக்குஞ்சுகளும் செத்தன. தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நச்சு என்று தெரிந்தது. அஃப்லடாக்சின் என்ற பெயர் உலகுக்கு அறிமுகமானது அப்படித்தான்.

இந்த நச்சு வாத்தின் ஈரலை மிகக் குறைந்த அளவிலேயே தாக்கும். கோழி தாங்கிக்கொள்ளும் அளவைக்கூட வாத்துக்குஞ்சு தாங்காது. மழைக்காலத்தில் ஈரம் பட்ட கடலைப் பிண்ணாக்கு, கட்டி தட்டிய மக்காச்சோளம் ஆகியவற்றை “கோழிதானே, போடு” என்று முற்றத்தில் கொட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. முற்றத்தில் வாத்து இருந்தால் அதை நிறுத்தியே ஆகணும். தண்ணீரில் குழைத்த தீவனமும் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். மிஞ்சியதை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

ராத்திரி யார் எங்கே படுப்பது?

கோழி கம்பில் ஏறி அடையும். வாத்து தரையில் படுக்கும். கோழி அடையும் கம்புக்கு நேர்கீழே வாத்து படுத்தால் இரவு முழுக்க எச்சம் அதன் மேல்தான் விழும். அதனால் கூண்டின் எதிர் மூலையில், ஒரு வாத்துக்கு 3 முதல் 4 சதுர அடி அளவில், காய்ந்த வைக்கோல் போட்டு இடம் ஒதுக்குங்கள். வாத்துக்கு ஏணி ஏறத் தெரியாது. சாய்வான பலகை வைக்கணும். தரையில் படுப்பதால் கீரி, நாய், மரநாய் ஆகியவற்றுக்கு முதலில் சிக்குவதும் அதுதான். கீழ்ப்பகுதிக் கம்பிவலை உறுதியாக இருக்கட்டும்.

காலையில் திறந்துவிட அவசரப்பட வேண்டாம். வாத்துகள் பெரும்பாலும் காலை 9 மணிக்குள் முட்டையிட்டுவிடும். அதற்கு முன்பு திறந்தால் முட்டையைப் புதரிலும் வேலியோரத்திலும் தேடவேண்டியதுதான்.

இன்னொன்று: வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கோழிக்காலைவிட வாத்தின் கால் எளிதில் காயப்படும். இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்து, அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

ஆண் வாத்தா? அப்போ கவனம்

பலரும் பேசத் தயங்கும் விஷயம் இது. பெரும்பாலான பறவைகளில் ஆணுக்கு வெளியே நீளும் இனப்பெருக்க உறுப்பு கிடையாது. சேவலுக்கும் அப்படித்தான். ஆண் வாத்துக்கு அது உண்டு. பெண் வாத்தின் உடல் அதற்கேற்றபடி அமைந்தது. பெட்டைக் கோழியின் உடல் அப்படியல்ல. துணையில்லாத ஆண் வாத்து கோழிமேல் ஏறினால் உள்காயம் ஏற்பட்டு, கோழி இறக்கவும் கூடும்.

கோழியின் கழிவுத்துளையைச் சுற்றி வீக்கமோ ரத்தமோ தெரிந்தாலும், பிடரியில் இறகு உதிர்ந்தாலும், கூண்டைவிட்டு வெளியே வரப் பயந்தாலும் அன்றைக்கே ஆண் வாத்தைத் தனியாக அடைத்துவிடுங்கள்.

வாங்கும்போது ஆணா பெண்ணா தெரியாது. இரண்டு மாதம் ஆகும்போது குரல் காட்டிக்கொடுக்கும். ‘குவாக் குவாக்’ என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினால் பெண். தொண்டை கட்டியதுபோல் கரகரத்தால் ஆண். பிறகு ஆணின் வாலில் ஒன்றிரண்டு இறகுகள் சுருண்டு நிற்கும். மணிலா வாத்துக்கு மட்டும் இந்த அடையாளங்கள் பொருந்தாது.

ஒத்தை வாத்துக்குத் துணை வேண்டாமா?

வாத்து கூட்டமாக வாழும் பறவை. கோழிகள் பக்கத்தில் இருந்தாலும் அவற்றோடு சேர்ந்து அது நீரில் இறங்க முடியாது. மழை பெய்தால் கோழிகள் ஒதுங்கும், வாத்து மட்டும் நனைந்துகொண்டே நிற்கும். முடிந்தவரை இரண்டு பெண் வாத்துகளாக வளர்ப்பது நல்லது. ஆண் இருந்தால் அதற்கு ஐந்தாறு பெண் வாத்துகள் வேண்டும். அவ்வளவு இடம் இல்லாவிட்டால், ஆணை மட்டும் வாத்துக் கூட்டம் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுவதே இரண்டு பக்கமும் நியாயம்.

மொட்டை மாடியில் வளர்க்க நினைப்பவர்கள் பெண் வாத்தின் சத்தத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். நன்றாகப் பராமரித்தால் வாத்து 10 ஆண்டுகள் வரைகூட வாழும். கோடை விடுமுறை முடிந்ததும் தீர்ந்துபோகும் ஆசைக்கு ஏற்ற பறவை இல்லை.

நோய்: வாத்து நல்லா இருக்கு, கோழிக்கு ஆபத்தா?

இருக்கலாம். பறவைக் காய்ச்சல் வைரஸைச் சில வாத்துகள் எந்த அறிகுறியும் காட்டாமல் சுமந்து பரப்பும். அதே வைரஸ் கோழிகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும். கேரளத்தின் ஆலப்புழா பகுதியில் 2014, 2021, 2024 ஆண்டுகளில் வாத்துகளிடையே பறவைக் காய்ச்சல் பரவியது. நோய் உறுதியானால், மத்திய அரசின் செயல்திட்டப்படி 1 கி.மீ. சுற்றளவில் உள்ள வளர்ப்புப் பறவைகள் அழிக்கப்படும். பெயர் வைத்து வளர்த்த செல்ல வாத்துக்கும் விலக்கு இல்லை. காட்டுப் பறவைகள் இறங்கும் ஏரி, வயலுக்கு உங்கள் வாத்தை விடாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

கோழிகளைக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் வாத்தை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் வாத்து அந்தக் கிருமியைச் சுமக்கலாம். எனவே கோழிகளுக்குத் தடுப்பூசி தவறக் கூடாது. வாத்துகளுக்கு வாத்து பிளேக் தடுப்பூசி தனியாக உண்டு. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

எப்போது டாக்டரிடம் ஓடணும்?

* ஒரு நாளுக்கு மேல் நொண்டினால், அல்லது எழாமல் உட்கார்ந்தே இருந்தால்.
* கழுத்து தொங்கிப்போனால். தேங்கி அழுகிய தண்ணீரால் வரும் நச்சுப் பாதிப்பாக இருக்கலாம்.
* ஆணி, கம்பித் துண்டு, நாணயம் எதையாவது விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால். பளபளப்பான எதையும் வாத்து விடாது.
* திடீரென ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் இறந்தால். வெறும் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

கால்நடை ஆம்புலன்ஸ் சேவைக்கான எண் 1962. பறவைகளைத் தொட்ட பிறகு, குறிப்பாகக் குழந்தைகள், சோப்புப் போட்டுக் கை கழுவணும்.

ஆழமான ஒரு டப், நியாசின் சேர்ந்த தீவனம், தரையில் காய்ந்த மூலை, இன்னொரு வாத்து. தேவைப்படுவது இவ்வளவுதான். இதில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாத நிலை என்றால், சந்தையில் அந்த மஞ்சள் குஞ்சைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கோழிக்குஞ்சுகளோடு மட்டும் வீடு திரும்புவதே அதற்குச் செய்யும் நல்லது.