கரைமணலும் ஆய்வுகூட அளவுகோலும்
புவிச்சரிதவியற் கருவிகள் பற்றி ஒரு நோக்கு

புவிச்சரிதவியல் வெளிக்களத்திலேயே நிகழும் அறிவியல் என்பது பொதுவான எண்ணமாகும். சுத்தியல், திசையறிகருவி, குறிப்பேடு ஆகிய மூன்றும் கையிலிருப்பின் அத்துறையினருக்கு வேறெதுவும் வேண்டியதில்லை எனக் கருதுவோரும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு இக்கருத்து ஓரளவு பொருந்தலாம். ஆயின், ஒரு பாறையின் வயது யாது, அதன் வேதியியல் அமைப்பு எத்தகையது, அது எந்த ஆழத்தில் எந்த வெப்பத்தில் உருவாயிற்று என்னும் வினாக்களுக்கான விடைகள் இன்று ஆய்வுகூடத்திலேயே பெறப்படுகின்றன. எனவே ஆய்வுகூடம் எங்கே அமைந்துள்ளது, அதில் எக்கருவிகள் உள்ளன என்பவை ஒரு நாட்டின் நிலத்தைப் பற்றிய அறிவு எங்கே உருவாகின்றது என்பதையும் தீர்மானிக்கின்றன. திருகோணமலைக் கரையின் மணலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மணலின் இயல்பு

திருகோணமலை நகரின் வடக்கேயுள்ள உப்புவெளியிலிருந்து நிலாவெளி, குச்சவெளி ஆகியவற்றைக் கடந்து செல்லும் கரையோரச் சாலை புல்மோட்டையை அடைகின்றது. உப்புவெளியில் வெளிறிய மணலே மேலோங்கி நிற்க, புல்மோட்டையிற் கரிய மணல் செறிந்து காணப்படுகின்றது. உள்நாட்டின் தொன்மையான உருமாறிய பாறைகள் சிதைவுற, அவற்றின் துகள்களை ஆறுகள் கடலுக்குக் கொணர்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் அவற்றைப் புடைத்தெடுக்கின்றன. இலேசான துகள்கள் அடித்துச் செல்லப்பட, பாரமானவை கரையிற் படிகின்றன. முறத்தில் அரிசி புடைப்பது போன்றதே இது.

அப்பாரமான கனிமங்களுள் இல்மனைற்று, உரூற்றைல், சிர்க்கன் ஆகியன முதன்மையானவை. முதலிரண்டும் தைத்தானியத்தின் மூலப்பொருள்கள். வெண்ணிறப் பூச்சுகளுக்கு இன்றியமையாதவை. சிர்க்கன் மட்பாண்டக் கைத்தொழிலிற் பயன்படுகின்றது. இவற்றை அகழ்வதற்கென 1957இல் அரச கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது.

2. ஒரு பிடி மணலும் கருவிகளின் படிவரிசையும்

இம்மணலில் ஒரு பிடி ஆய்வுகூடத்தை அடைந்ததும் என்ன நிகழ்கின்றது என நோக்குவோம்.

முதலில் அது உலர்த்தப்பட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய அரிதட்டுகளிற் சலிக்கப்படும். பருமனுக்கேற்பப் பிரிந்த துகள்களை நிறுத்தால், அலையின் வலிமை பற்றிய முதற்குறிப்புக் கிட்டும். அடுத்து, பாரத் திரவம் பயன்படும். புரோமோபோமின் அடர்த்தி 2.89, படிகக்கல்லின் அடர்த்தி 2.65, இல்மனைற்றின் அடர்த்தி ஏறத்தாழ 4.7. ஆகவே படிகக்கல் மிதக்க, இல்மனைற்று அமிழும். புரோமோபோம் நச்சுத்தன்மை வாய்ந்ததாதலின், நீரிற் கரையும் தங்குதன் சேர்வைகள் இன்று பல ஆய்வுகூடங்களில் அதன் இடத்தைப் பெற்றுள்ளன.

அமிழ்ந்த பகுதி பின்னர் காந்தப் பிரிகருவிக்குச் செல்லும். மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும்போது முதலில் இல்மனைற்று விலகும். உரூற்றைலும் சிர்க்கனும் எஞ்சும. உரூற்றைல் மின்னைக் கடத்தும், சிர்க்கன் கடத்தாது என்னும் வேறுபாட்டைக் கொண்டு அவ்விரண்டையும் பிரிக்கலாம். புல்மோட்டைத் தொழிற்சாலையிற் பெருமளவில் நிகழ்வதும் இதே தத்துவங்களின் வழிப்பட்டதே. இறுதியாகத் துகள்கள் முனைவாக்கிய ஒளி நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்பட்டு இனங்காணப்படும். பாறையாயின் 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்கு அதனைத் தேய்த்தல் வேண்டும். அத்தடிப்பில் பெரும்பாலான கனிமங்கள் ஒளியை ஊடுசெல்ல விடுகின்றன.

இதுவரை கூறியவை படிவரிசையின் கீழ்ப்படிகளாகும். எக்ஸ்கதிர்க் கோணல் மானியும் இலத்திரன் நுணுக்குக்காட்டியும் நடுப்படிகள். பளிங்கின் உள்ளமைப்பையும், துகளின் ஒவ்வொரு புள்ளியிலுமுள்ள மூலகங்களையும் அவை காட்டும். அவற்றுக்கு மேலுள்ளது திணிவு நிறமாலைமானி. அதுவே காலத்தை அளக்கும் கருவி.

3. காலக்கணிப்பும் இலங்கைச் சிர்க்கனும்

சிர்க்கன் வளரும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும். ஈயத்தை ஏறக்குறைய முற்றாக விலக்கும். யுரேனியம்-238 அரைவாசியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் செல்லும். அது தேய்ந்து இறுதியில் ஈயமாவதால், பளிங்கினுள் இன்றுள்ள ஈயம் கழிந்த காலத்தின் கணக்காகின்றது. துகளொன்றில் மயிரிழையினும் குறுகிய புள்ளியில் இதனை அளக்கவல்ல 'சிறிம்ப்' என்னும் அயன் நுண்சலாகை, கன்பராவிலுள்ள அவுத்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980 அளவில் இயங்கத் தொடங்கியது. மேற்கு அவுத்திரேலியாவில் 410 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிர்க்கன் துகள்கள் உள்ளன என 1983இல் அக்கருவியின் துணைகொண்டே அறிவிக்கப்பட்டது.

இங்கு ஓர் உண்மை கருதத்தக்கது. எத்துணை நுட்பமான கருவியாயினும், வயது தெரிந்த ஒரு மாதிரியோடு ஒப்பிடாமல் அது சரியாக அளக்க இயலாது. தராசுக்குப் படிக்கல் எப்படியோ, இக்கருவிக்கு நியமப் பளிங்கு அப்படி. கன்பராவில் நீண்டகாலம் அந்நியமமாக விளங்கியது, 'எஸ்.எல். 13' எனப் பெயரிடப்பட்ட, 57 கோடி ஆண்டுகள் பழைமையான இலங்கைச் சிர்க்கனாகும். பேர்த் நகர ஆய்வுகூடத்தின் 'சி.இசட். 3' என்பதும் இலங்கையதே. எஸ்.எல். 13 முழுவதும் ஒருசீரானதன்று எனப் பிற்காலத்தில் ஐயம் எழ, வேறு நியமங்கள் அதன் இடத்தைப் பெற்றன. இவை இரத்தினக்கற் பளிங்குகள். புல்மோட்டை மணலிலுள்ள நுண்துகள்கள் அல்ல. எனினும் இரண்டும் ஒரே தீவின் விளைபொருள்கள். உலகின் வயதை அளக்கும் படிக்கல்லை இத்தீவு வழங்கிற்று. தராசு வேறிடத்தில் இருந்தது.

4. பெயரிடும் உரிமை

இந்நிலை புதியதன்று. கலை வரலாற்றறிஞராக நாமறிந்த ஆனந்த குமாரசுவாமி அடிப்படையில் ஒரு புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராக விளங்கியவர். செரண்டிபைற்று என்னும் புதிய கனிமத்தை அவர் இத்தீவிற் கண்டெடுத்தார். அதன் பகுப்பாய்வு இலண்டன் பிரித்தானிய அரும்பொருளகத்தைச் சார்ந்த பிரயரின் கையில் நிகழ, 1903இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியாயிற்று. 1904இல் தோரியனைற்று, 1952இல் சிங்களைற்று, 1961இல் ஏக்கனைற்று ஆகியனவும் இவ்வாறே இங்கு கிடைத்து இங்கிலாந்தின் ஆய்வுகூடங்களில் இனங்காணப்பட்டன. ஏக்கனைற்று அதனைக் கண்டெடுத்த ஏக்கநாயக்கவின் பெயரைத் தாங்கி நிற்பது ஆறுதல் தருவது. 1980களில் இலங்கையின் அடித்தளப் பாறைகளை வன்னி, உயர்நிலம், விஜயன் எனப் பாகுபடுத்துவதற்கு அடிப்படையான சமதானி அளவீடுகள் மேற்கு ஜேர்மனியின் மைன்சு நகரில் எடுக்கப்பட்டன.

அறிவியலுக்கு எல்லைகள் இல்லை என்பது மெய்யே. இவ்வொத்துழைப்புகளாற் பெற்ற அறிவு பெரிது. ஆயினும் கருவியை உடையவரே பெரும்பாலும் வினாவையும் தெரிவுசெய்கின்றார். பூமியின் முதற்பாறை எது என்பது கன்பராவின் வினா. எங்கள் கிணற்றுநீர் ஏன் உவர்க்கின்றது என்பது நிலாவெளியின் வினா.

5. எங்கே எதனை அமைத்தல் வேண்டும்

மேற்படிக் கருவிகளை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வாங்குதல் இயலாது, வேண்டியதும் இல்லை. ஒரு துகளின் வயது இன்று அளப்பினும் பத்தாண்டுகளின் பின் அளப்பினும் மாறாது. ஆதலின் அதனைத் தொலைவுக்கு அனுப்பலாம். மாறிக்கொண்டிருப்பவற்றின் நிலை வேறு. பருவக்காற்றுத்தோறும் உப்புவெளிக் கரை இழக்கும் மணலும் மீளப்பெறும் மணலும், கரையோரக் கிணறுகளின் உவர்த்தன்மை, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளின் வெப்பநிலை ஆகியன மாதந்தோறும், ஆண்டுக்கணக்கில் அளக்கப்படல் வேண்டும். இதனை வந்துபோகும் அறிஞர் செய்யவியலாது. அருகிலிருப்போரே செய்தல் கூடும். அதற்கு வேண்டுவன அரிதட்டு, தராசு, பாரத் திரவம், நுணுக்குக்காட்டி, மின்கடத்துதிறன் மானி, வெப்பமானி ஆகிய கீழ்ப்படிக் கருவிகளே.

எளிய வினாவும் தொடர்ந்த அளவீடும் பெரும்பயன் தரும் என்பதற்குப் பேராதனையே சான்று. அங்குள்ள புவிச்சரிதவியற்றுறையைச் சார்ந்த சி. பி. திசாநாயக்க முதலானோர் 1980களில் நாடெங்கும் கிணற்றுநீரைத் திரட்டிப் பகுத்து நீர்ப்புவி இரசாயனப் படத்தொகுதியை ஆக்கினர். உலர்வலயத்துப் பிள்ளைகளின் பற்களிற் காணும் கறைக்கும் நீரிலுள்ள புளோரைட்டுக்குமுள்ள தொடர்பு அதனால் தெளிவாயிற்று. அவ்வினா இந்நாட்டு மக்களின் வாழ்விலிருந்து எழுந்தது.

திருகோணமலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் நிலாவெளிச் சாலையிற் கோணேசபுரியில், கடலுக்கு அண்மையில் அமைந்துள்ளது. அத்தகைய இடத்தில் ஒரு சிறு மணல், நீர் ஆய்வுகூடம் இயங்குமாயின் மூன்று தேவைகளை மறத்தலாகாது. முதலாவது, கருவியைப் பேணும் பயிற்சிபெற்ற தொழினுட்பவியலாளருக்கு நிரந்தரப் பதவி. உப்புக்காற்றும் சீரற்ற மின்சாரமும் கவனிப்பாரற்ற கருவியை விரைவில் அழித்துவிடும். இரண்டாவது, இடமும் நாளும் பொறித்த மாதிரிகளின் களஞ்சியம். மூன்றாவது, அளவீடுகளை மீனவரும் விவசாயியும் அறியத் தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் வெளியிடும் ஒழுங்கு.

கட்டடத் திறப்புவிழாக்களில் கருவிகளின் விலை பேசப்படுகின்றது. ஆய்வுகூடமொன்றின் பெறுமதியை அறிய விரும்புவோர் அதன் அளவீட்டுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அதில் எத்தனை மாதங்கள் விடுபடாமல் நிரப்பப்பட்டுள்ளன என்பதே விடை.