காயம் ஆறினால் மட்டும் போதுமா?

கத்திக்குத்துக் காயத்துடன் வரும் இளைஞரின் குருதிப்போக்கை நிறுத்தித் தையல் இடுகிறோம். சில நாள்களில் அவர் வீடு திரும்புகிறார். ஆனால் காயத்துக்குக் காரணமான தெருக் கும்பலும் பகையும் அங்கேயே இருக்கின்றன. பழிவாங்கும் எண்ணமும் அவருடன் செல்கிறது. விளைவாக அவரோ, அவரால் தாக்கப்பட்ட வேறொருவரோ மீண்டும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர நேரிடுகிறது.

இச்சுழற்சியை உடைக்க ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் மேற்கொண்ட முயற்சி அறியத்தக்கது.

நோயைப் போன்ற அணுகுமுறை

வன்முறை, தொற்றுநோய் போல ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவக்கூடியது, தடுக்கவும் கூடியது. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அறிக்கையில் அதனைப் பொதுச் சுகாதாரச் சிக்கலாக விளக்கியது. இந்த அணுகுமுறையை ஏற்று, கிளாஸ்கோ பகுதியின் காவல்துறை 2005-இல் வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது.

2008-இல் நகரின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த கும்பல் இளைஞர்கள் நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டனர். விசாரணைக்காக அல்ல, செவிமடுப்பதற்காக. வன்முறை தொடர்ந்தால் கும்பல் முழுவதன்மீதும் நடவடிக்கை பாயும் என்று காவல்துறை எச்சரித்தது. கத்திக்காயம் உடலைச் சிதைக்கும் விதத்தை மருத்துவர் விளக்கினார். தாக்கப்பட்ட சிறுவனின் தாய் தம் துயரத்தைச் சொன்னார். இறுதியில் ஒரு தொலைபேசி எண் வழங்கப்பட்டது. விலக விரும்பி அழைத்தோருக்குக் கல்வி, தொழிற்பயிற்சி, வேலை தேட உதவி ஆகியன கிடைத்தன.

மருத்துவமனையின் பங்கு

2015-இல் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் ‘வழிகாட்டிகள்’ பணியைத் தொடங்கினர். இவர்கள் மருத்துவர்கள் அல்லர். சிலர் தாமே வன்முறை வாழ்விலிருந்து மீண்டவர்கள். காயமுற்றவரின் படுக்கையருகே அமர்ந்து பேசி, வீடு திரும்பிய பின்னும் துணை நிற்கின்றனர். வலியும் அச்சமும் மிகுந்த அந்நேரமே மனமாற்றத்துக்கு ஏற்ற நேரம் என்பது இதன் அடிப்படை.

2005-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் ஸ்காட்லாந்தில் கொலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கடுமையான தண்டனைகள் உள்ளிட்ட பிற காரணங்களும் இதில் உண்டு.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை

• நோயாளியின் அருகில் பழிவாங்கும் பேச்சைத் தவிர்க்கவும். அவ்வாறு பேசும் நண்பர்களையும் அப்போதைக்கு விலக்கி வைக்கவும்.
• “ஏன் சண்டைக்குப் போனாய்?” என்று கடிவதைவிட, “இனி என்ன செய்யலாம்?” என்று கேட்கவும்.
• உறக்கமின்மை, திடுக்கிடல், மது அல்லது போதைப் பழக்கம் தென்பட்டால் மருத்துவரிடம் சொல்லவும்.
• வீடு திரும்புவது பாதுகாப்பானதா என்ற ஐயம் இருந்தால், மருத்துவமனையை விட்டுச் செல்லும் முன்னரே மருத்துவரிடமோ சமூகப் பணியாளரிடமோ தெரிவிக்கவும். உறவினர் வீட்டில் சில காலம் தங்குதல், தடைப்பட்ட படிப்பைத் தொடர்தல் ஆகியவற்றை அப்போதே திட்டமிடலாம்.