கீசர் போட்டதும் ட்ரிப் ஆகுதா? தண்ணீர் சூடாகலையா? காயில் போனதை கண்டுபிடிப்பது எப்படி? மாற்றும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

மழைக்காலம் தொடங்கியதும் பல வீடுகளில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த கீசரை மீண்டும் ஆன் செய்வார்கள். அப்போதுதான் பிரச்னை தெரியவரும். தண்ணீர் சூடாகாது, அல்லது சுவிட்ச் போட்டதுமே வீடு முழுக்க கரண்ட் போய்விடும். இந்த இரண்டுமே கீசர் காயில், அதாவது ஹீட்டிங் எலிமென்ட் பழுதானதன் அறிகுறியாக இருக்கலாம். முதலாவதால் குளிர்ந்த நீரில் குளிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் இரண்டாவதை அலட்சியப்படுத்தினால் உயிருக்கே ஆபத்து.

காயிலுக்குள் என்ன இருக்கிறது?

டேங்க் உள்ள கீசர்களில் பெரும்பாலும் 2,000 வாட் காயில் இருக்கும். வெளியே தெரிவது ஒரு உலோகக் குழாய். அதற்குள் நிக்ரோம் கம்பிச் சுருள் இருக்கும். கம்பியும் குழாயும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க, நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் நிரப்பப்பட்டிருக்கும். கரண்ட் கம்பியில் மட்டும்தான் ஓடும், தண்ணீருக்கு சூடு மட்டுமே போகும்.

காயில் ஏன் போகிறது?

முக்கிய வில்லன் உப்புத் தண்ணீர்தான். போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். தண்ணீர் சூடாகும்போது இவை காயில் மேல் வெள்ளைப் படிமமாக ஒட்டிக்கொள்ளும். படிமம் தடிமனாக ஆக, காயிலின் சூடு தண்ணீருக்கு எளிதில் இறங்காது. காயிலே அளவுக்கு மீறி சூடாகி, குழாயில் விரிசல் விழும். கீசரில் இருந்து கொதிப்பது போன்ற 'கடகட' சத்தம் வந்தால், உப்பு நிறைய படிந்திருக்கிறது என்று அர்த்தம். டேங்கில் தண்ணீர் இல்லாமல் ஆன் செய்தாலும் காயில் சீக்கிரமே எரிந்துவிடும்.

எந்த அறிகுறிக்கு என்ன அர்த்தம்?

15 லிட்டர் கீசரில் 28 டிகிரி தண்ணீர் 60 டிகிரிக்கு சூடாக, கணக்குப்படி சுமார் 17 நிமிடம் ஆகும். எனவே 20 நிமிடம் கழித்தும் தண்ணீர் சில்லென்று இருந்தால், இவற்றை கவனிக்கவும்:

- எந்த லைட்டும் எரியவில்லை: பிளக், சாக்கெட், எம்.சி.பி.யை முதலில் பார்க்கணும். எல்லாம் சரியாக இருந்தால் கீசருக்குள் இருக்கும் தெர்மல் கட்-அவுட் விழுந்திருக்கலாம். அதை ரீசெட் செய்த பிறகும் மீண்டும் விழுந்தால் தெர்மோஸ்டாட்டில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.
- பவர் லைட் எரிகிறது, ஹீட்டிங் லைட் எரியவில்லை: இரண்டு லைட் உள்ள பல மாடல்களில் இது தெர்மோஸ்டாட் பழுதைக் காட்டும்.
- ஹீட்டிங் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது, சூடு மட்டும் இல்லை: காயிலுக்குள் கம்பி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.
- தண்ணீர் கொதித்து ஆவி வருகிறது: தெர்மோஸ்டாட் ஆஃப் ஆகாமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். உடனே சுவிட்சை அணைத்துவிட வேண்டும்.
- கீசர் போட்டதும் இ.எல்.சி.பி. ட்ரிப் ஆகிறது: காயில் குழாயில் விரிசல் விழுந்து, கரண்ட் தண்ணீரில் கசிகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ட்ரிப் ஆவதை 'தொல்லை' என்று நினைக்காதீங்க

எம்.சி.பி. என்பது ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்கானது. சிறிய கசிவுக்கு அது விழாது. கசிவைக் கண்டுபிடிப்பது இ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. வீடுகளில் பொருத்தப்படுவது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் கரண்டை துண்டித்துவிடும்.

அடிக்கடி ட்ரிப் ஆகுதே என்று சிலர் அதை பைபாஸ் செய்துவிட்டு கீசரை ஓட்டுகிறார்கள். இதுதான் மிகப்பெரிய தவறு. கசியும் கரண்டுக்கு அப்போது இருக்கும் ஒரே வழி எர்த் ஒயர் மட்டுமே. அந்த எர்த்தும் சரியில்லை என்றால் கீசர் பாடி, இரும்புக் குழாய், ஷவரில் கொட்டும் தண்ணீர் என எதில் வேண்டுமானாலும் ஷாக் அடிக்கலாம். ஈர உடம்பில் கரண்ட் எளிதாகப் பாயும். டேப்பைத் தொடும்போது லேசாக 'சுர்' என்று இருந்தால்கூட, அன்றைக்கே கீசரை நிறுத்திவிட வேண்டும்.

மல்டிமீட்டரில் எப்படி உறுதி செய்வது?

மெயினை அணைத்து, காயிலில் இருந்து ஒயர்களைக் கழற்றிய பிறகே சோதிக்க வேண்டும். 2,000 வாட் காயிலின் இரு முனைகளுக்கு இடையே சுமார் 26 ஓம் காட்டணும். 3,000 வாட் என்றால் சுமார் 18 ஓம். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. அடுத்து ஒரு முனைக்கும் காயிலின் உலோகத் தட்டுக்கும் இடையே வைத்துப் பார்க்கணும். அங்கே எந்த இணைப்பும் காட்டக் கூடாது. காட்டினால் கசிவு உறுதி. சிறிய கசிவு மல்டிமீட்டரில் சிக்காமல் போகலாம். அதனால் எலக்ட்ரீசியன்கள் 500 வோல்ட் மெக்கரில் சோதிப்பார்கள்.

காயில் மாற்றும்போது என்ன நடக்கணும்?

இது அனுபவமுள்ள எலக்ட்ரீசியன் செய்ய வேண்டிய வேலை. ஆனால் சரியாகச் செய்கிறாரா என்று வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கலாம்.

1. கீசருக்கான எம்.சி.பி.யை அணைத்து, பிளக்கை கழற்ற வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.
2. தண்ணீர் வரும் வால்வை மூடி, டேங்கில் இருக்கும் தண்ணீரை வடிக்க வேண்டும். ஹாட் வாட்டர் டேப்பைத் திறந்தால் டேங்க் காலியாகாது. ஏனென்றால் சூடான தண்ணீர் டேங்கின் மேல்பகுதியில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. கீழே உள்ள இன்லெட் வழியாகத்தான் வடிக்கணும்.
3. ஒயர்களைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் குழப்பம் வராது.
4. காயிலை வெளியே எடுத்ததும் டேங்க் அடியில் இருக்கும் உப்புப் படிமத்தை சுத்தம் செய்ய வேண்டும்.
5. புதிய காயில் அதே வாட், அதே அளவு தட்டு உள்ளதாக இருக்கணும். ரப்பர் கேஸ்கெட்டையும் புதிதாகப் போடணும். டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ராடு கரைந்திருந்தால் அதையும் மாற்றிவிடலாம்.
6. எர்த் ஒயர் மீண்டும் இறுக்கமாக இணைக்கப்பட்டதா என்று பார்க்கணும்.
7. முதலில் தண்ணீரை நிரப்பி, ஹாட் டேப்பில் சீராகத் தண்ணீர் வந்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் புது காயிலும் எரிந்துவிடும்.

மாற்றலாமா, புதிது வாங்கலாமா?

டேங்க்கிலேயே ஓட்டை விழுந்து கசிந்தால் காயில் மாற்றுவது வீண் செலவு. டேங்க் நன்றாக இருந்தால் காயில் மாற்றினாலே போதும். கீசரைத் திறக்கும் முன் வாரன்டி கார்டைப் பார்க்கவும். பல நிறுவனங்கள் டேங்குக்கும் காயிலுக்கும் தனித்தனி வாரன்டி தருகின்றன.

மறுபடியும் போகாமல் இருக்க...

சூட்டை 50 முதல் 55 டிகிரியில் வைத்தால் உப்பு படிவது குறையும். போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்வது நல்லது. இ.எல்.சி.பி.யில் இருக்கும் 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே ட்ரிப் ஆகணும். ஆகவில்லை என்றால், கீசருக்கு முன்னால் மாற்ற வேண்டியது அதைத்தான்.