பழைய பட்டாளப் பிரம்பின் பூர்வீகம்

பட்டாளத்தார் கையிலேந்திய குறும்பிரம்பொன்று மட்டக்களப்பு வாவிக்கரை வீடொன்றிற் கிடைக்குமாயின், அஃது இலங்கைப் படையினதே எனத் துணிதல் தகாது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய, இந்திய, கிழக்காபிரிக்கப் படைகளும் இந்நாட்டில் நிலைகொண்டிருந்தன. ஆதலின் கிடைத்த இடம் சான்றாகாது. பிரம்பின் தலையிலுள்ள உலோகக் குமிழே சான்றாகும்.

குமிழிற் பொறித்த சின்னத்தை முதலில் நோக்குக. ஊதுகொம்பு இலகு காலாட்படைகள் பலவற்றிற்கும் பொதுவாதலின், உடனுள்ள பெயரையும் வாசித்தல் வேண்டும். 1881இல் தொண்டர் படையாகத் தோன்றிய இலங்கை இலகு காலாட்படையின் ஆங்கிலப் பெயரில் 'சிலோன்' என்றிருந்தது, 1972இல் நாடு குடியரசானபின் 'ஸ்ரீ லங்கா' என மாறிற்று.

அடுத்து, முடியை நோக்குக. அதன் வளைவுகள் நடுவிலே தாழாதிருப்பின், பெரும்பாலும் 1901 முதல் 1952 வரை ஆண்ட மன்னர் காலத்ததாகும். தாழ்ந்திருப்பின், விக்டோரியா அல்லது எலிசபெத் அரசியார் காலத்ததாதல் கூடும். குமிழ் இங்கிலாந்திற் செய்த வெள்ளியாயின், சிங்க முத்திரையோடு ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் காணப்படலாம்; நங்கூரம் பேர்மிங்காம் நகரின் முத்திரை.

இவற்றாற் படையும் காலமும் புலப்படும்; ஏந்தியவர் பெயர் புலப்படாது. அதனை வீட்டு முதியோரிடம் இன்றே கேட்டெழுதி வைத்தல் நன்று. குமிழைப் புளியிட்டுத் துலக்குதலை மட்டும் தவிர்க்க. சின்னம் தேய்ந்தபின் கேட்டறிய எவருமிலர்.