முற்றத்தில் ஒரு பட்டுக்கோழி

திருவிழாக் கடைகளில் கூடை நிறையக் கோழிக்குஞ்சுகளை வைத்து விற்பதை நம்மில் பலரும் கண்டிருப்போம். பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு என அவற்றின்மேல் சாயம் ஏறியிருக்கும். குழந்தை கை நீட்டும். பெற்றோர் இரண்டு வாங்கிக் கொடுப்பர். சில நாள்களில் அவை கண் மூடிவிடும். பெரும்பாலும் அவை முட்டைக்கோழி இனத்துச் சேவற்குஞ்சுகள். முட்டையிடா என்று பொரிப்பகங்கள் கழித்துவிட்டவை. குழந்தையின் கண்ணீர் காய்ந்ததும் நாமும் மறந்துவிடுகிறோம்.

இப்போது செல்லப் பறவைக் கடைகளில் வேறொரு கோழி நம் பிள்ளைகளின் மனத்தைக் கவர்ந்து வருகிறது. 'சில்க்கி' எனப்படும் பட்டுக்கோழி அது. சாயம் தேவையில்லாத அழகு அதற்கு உண்டு. ஆனால் அதற்கும் அதே கதி நேராமல் காப்பது பெற்றோராகிய நம் கையில்தான் இருக்கிறது.

நெய்யப்படாத இறகு

திருத்தணிக்கு அண்மையில், ஆந்திர எல்லையோரம் அமைந்த பொதட்டூர்பேட்டை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூர் நெசவாளர் ஒருவர் இப்பறவையைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் இயல்பை நம்மைவிட விரைவில் உணர்ந்துகொள்வார். மற்றக் கோழிகளின் இறகு ஒருவகை நெசவு எனலாம். இறகின் இழைகளை நுண்ணிய கொக்கிகள் ஒன்றோடொன்று கோத்து, பாவும் ஊடையும் இணைந்த துணிபோல ஆக்கிவிடுகின்றன. பட்டுக்கோழியின் இறகில் அந்தக் கொக்கிகள் செம்மையாக அமைவதில்லை. எனவே அதன் இழைகள் தறி ஏறாத நூலைப்போல் தனித்தனியே அலைகின்றன. தொட்டால் பூனையின் உரோமம் போலிருக்கும்.

இந்த அழகே அதன் குறையும் ஆகும். நெய்யாத நூல் மழையைத் தடுக்காது, காற்றையும் தாங்காது. ஆகவே இக்கோழி பறக்க இயலாது. நனைந்தால் தோல்வரை நனைந்து நடுங்கும். இயற்கை மறுத்த கூரையை வளர்ப்பவர் கொடுத்தாக வேண்டும். இதுவே இக்கோழி வளர்ப்பின் முதற்பாடம்.

தொலைதூரத்து உறவு

இதன் தாயகம் சீனம் என்பர். 13-ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற மார்க்கோ போலோ, பூனையின் உரோமம் போன்ற போர்வையுடைய கோழிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அமெரிக்கக் கோழியின வரையறை நூலில் 1874-இலேயே இது இடம்பெற்றது. பெரும்பாலான கோழிகளுக்குக் காலில் நான்கு விரல்கள், இதற்கு ஐந்து. இறகு வெண்மையாயினும் தோலும் சதையும் எலும்பும் கருமையானவை. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாப் பகுதியில் பழங்குடி மக்கள் வளர்க்கும் கடக்நாத் கோழிக்கும் இதே கருமை உண்டு. 2018-இல் புவிசார் குறியீடு பெற்ற அக்கோழிக்கும் இதற்கும் அந்நிறத்தைத் தரும் மரபுக்கூறு ஒன்றே என்று ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

வெயிலும் மழையும்

திருத்தணி வட்டாரத்தின் கத்திரி வெயிலை அறியாதார் இலர். 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாள்களில், வாய் பிளந்து மூச்சுவாங்கும் கோழிக்கு நிழலும் தண்ணீருமே மருந்து. மண்சட்டியில் குளிர்ந்த நீரைக் காலையிலும் நண்பகலிலும் மாற்றி வைக்க வேண்டும். கூண்டின் மேல் நனைத்த சாக்கைப் போடலாம். தகரக் கூரையாயின் அதன்மேல் ஓலை வேய்வது நன்று.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதனை வெளியே விடலாகாது. நனைந்துவிட்டால் துணியால் ஒற்றி, வெதுவெதுப்பான இடத்தில் உலர்த்த வேண்டும். கூண்டின் தரை மேடாகவும், நெல் உமி பரப்பி உலர்ந்தும் இருக்கட்டும். பறக்காத பறவைக்கு உயர்ந்த பரண் பயன்படாது. நாய், பூனை, கீரி அணுகாதபடி உறுதியான கம்பிவலை தேவை. கண்ணை மறைக்கும் உச்சிக்குடுமியை அவ்வப்போது கத்தரித்துவிட்டால் இரையைக் கண்டு பொறுக்கும். முரட்டு நாட்டுச் சேவல்களோடு சேர்த்து விடாதீர்கள். இதன் குடுமியைக் கொத்திப் புண்ணாக்கிவிடும்.

குருணையும் கம்பும் கீரையும் நல்ல இரையே. ஆயினும் அவை மட்டும் போதா. முட்டையிடும் காலத்தில் முட்டைக்கோழித் தீவனமும் கிளிஞ்சல் தூளும் சேர்க்க வேண்டும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு நஞ்சாகும்.

தடுப்பூசி தவறலாகாது

வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தபின் அதற்கு மருந்தில்லை. 1920-களின் இறுதியில் இமயமலையடி ஊரான இராணிக்கேத்தில் கண்டதால் அவ்வூர்ப் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், பின்னர் எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசியும் போடுவது வழக்கம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். கோழியைத் தொட்ட பிள்ளைகள் சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே உண்ண வேண்டும்.

அடைகாக்கும் தாய்

பட்டுக்கோழி முட்டையில் சிறந்ததன்று, தாய்மையில் சிறந்தது. சில முட்டைகள் இட்டதுமே அடைக்கு அமர்ந்துவிடும். நாட்டுக்கோழி முட்டையை வைத்தாலும், வாத்து முட்டையை வைத்தாலும் தன்னதென்றே காக்கும். கோழிக்கு 21 நாள், வாத்துக்கு 28 நாள். அந்நாள்களில் அது பசியையும் மறக்கும். நாள்தோறும் ஒருமுறை தூக்கிவந்து இரையும் நீரும் காட்ட வேண்டும். எருசலேமை நினைந்து வருந்திய ஆண்டவர், குஞ்சுகளைச் சிறகின்கீழ்க் கூட்டும் கோழியை உவமையாகக் கொண்டதன் பொருள், இக்காட்சியைக் கண்ட குழந்தைக்கு விளக்கமின்றியே விளங்கும்.

வாங்குமுன் ஒரு சொல்

கோழி கூட்டமாய் வாழும் பறவை. ஒன்றை மட்டும் வாங்கித் தனிமையில் வாட்டாதீர்கள். குஞ்சில் சேவலா பெட்டையா என்று அறிவதும் அரிது. விடியலில் கூவும் சேவலை அண்டை வீட்டார் பொறுப்பார்களா என்றும் எண்ணிப் பாருங்கள். நன்கு பேணினால் இக்கோழி ஏழெட்டு ஆண்டுகள் வாழக்கூடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்காக வாங்கியது, அவன் பத்தாம் வகுப்பு எழுதும்போதும் முற்றத்தில் இருக்கலாம். கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டி ஊருக்குச் செல்லும்போது அதன் சட்டியில் தண்ணீர் வார்ப்பவர் யார்?

இக்கேள்விக்கு விடை கிடைத்த பின்னர் வாங்குங்கள். கிடைக்கவில்லையேல், இவ்வாண்டு வேண்டாம் என்று குழந்தையிடம் அன்போடு சொல்லுங்கள். அதுவும் உயிரை மதிக்கக் கற்பிக்கும் பாடமே.